மூன்று பவுன் கடன்சீட்டும் சிலுவையும்

பெரிய வெள்ளிக்கு முந்தின சாயங்காலம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் தெருவில் நடந்துபோனால் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும். பாதி வீடுகளில் மறுநாள் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பார்கள். மீதி வீடுகளில் பத்து நாளாக மச்சம் மாமிசம் கிடையாது, விரதம். டர்பனுக்கே உரிய வேடிக்கை இது. கிறிஸ்தவர்களுக்கு ஆண்டின் மிகத் துக்கமான நாளில்தான் அம்பலவாணர் ஆலயத்தில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவும் அதே ஈஸ்டர் விடுமுறையில்தான். கரும்புத் தோட்டத்துத் துரைக்கு ஈஸ்டர் வந்தால்தான் கூலிக்கு லீவு, அதனால் அம்மனும் அந்தத் தேதிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா தீ மிதிக்கிறவர். ஒரு வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: "ஏன் தம்பி, உங்க சாமியக் கொன்ன நாளுக்கு எதுக்கு குட் ஃபிரைடேன்னு பேரு? அதுல என்ன குட்டு இருக்கு?"

பெயருக்குப் பதில் சுலபம். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் 'புனிதமான' என்ற பொருளும் உண்டு. தமிழில் நாம் அந்தச் சிக்கலில் மாட்டவில்லை. பெரிய வெள்ளி, புனித வெள்ளி என்று வைத்துக்கொண்டோம். ஆனால் அக்கா கேட்டது பெயரை அல்ல. ஒரு மனிதன் ஆணியடித்துக் கொல்லப்பட்டதில் மற்றவர்களுக்கு என்ன நன்மை? அதைப் போய் ஒரு மதம் தன் நடுவீட்டில் ஏன் மாட்டிவைத்திருக்கிறது? அன்றைக்கு வேலியோரம் நான் சொன்னது பாதி. சொல்ல வராமல் தடுமாறியது பாதி. இரண்டையும் சேர்த்து, இந்த விஷயத்துக்குப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மரத்தைப் பார்க்கவேண்டும்

சிலுவை என்றதும் நமக்கு இப்போது என்ன நினைவுக்கு வருகிறது? கழுத்துச் சங்கிலி, கோபுர உச்சி, கல்லறைத் தோட்டம். சொல்லே சுரியானி மொழியிலிருந்து வந்து தமிழில் குடியேறிப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைக் கொஞ்ச நேரம் உதறிவிட வேண்டும். தமிழில் அதற்கு ஈடாக வேறு ஒரு சொல் உண்டு: கழுமரம். தங்கத்தில் சின்னதாக ஒரு கழுமரம் செய்து பிள்ளையின் கழுத்தில் போடுவோமா? இந்த நாட்டுக் கணக்கில் சொன்னால், பிரிட்டோரியா மத்திய சிறையின் தூக்குக்கயிற்றை வெள்ளியில் வார்த்துச் சங்கிலியில் கோத்த மாதிரி. முதல் நூற்றாண்டில் சிலுவை அப்படித்தான் இருந்தது.

ரோமர்கள் இந்தத் தண்டனையை எல்லோருக்கும் கொடுக்கவில்லை. ரோமக் குடியுரிமை உள்ளவனுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. அடிமைக்கும், ஆட்சியை எதிர்த்த கலகக்காரனுக்கும்தான். கிமு 71-இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளை ஒடுக்கியபிறகு, பிடிபட்ட சுமார் 6,000 பேரைக் கபுவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் சிலுவையில் அறைந்தார்கள் என்று அப்பியன் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். ஒருவனைக் கொல்வது மட்டும் நோக்கமென்றால் ஒரு வாள்வெட்டு போதும். சிலுவை வழிப்போக்கர்களுக்கு எழுதிவைத்த அறிவிப்பு: எசமானை எதிர்த்தால் இதுதான் கதி. நிர்வாணமாக, ஊர்வாசலில், மெல்ல மெல்ல. எலும்புச் சாட்சியும் உண்டு. 1968-இல் எருசலேம் அருகே ஒரு கல்லறையில் கிடைத்த குதிகால் எலும்பில் ஆணி அப்படியே குத்தி நின்றது. யெகோகனான் என்று அந்த எலும்புப் பெட்டியில் பெயர் பொறித்திருந்தது.

யூதருக்கு இன்னொரு கூச்சமும் இருந்தது. மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளால் சபிக்கப்பட்டவன் என்று அவர்களுடைய வேதச் சட்டமான நியாயப்பிரமாணமே சொல்கிறது. ஆகவே 'சிலுவையில் செத்தவர்தான் கடவுளின் மகன்' என்று யாராவது வந்து சொன்னால் ரோமன் சிரிப்பான், யூதன் காதைப் பொத்துவான். ஆதி கிறிஸ்தவர்களில் பெரிய பிரசங்கியான பவுல் இதை மறைக்கவே இல்லை. தான் பிரசங்கிக்கும் கிறிஸ்து "யூதருக்கு இடறலாயும் கிரேக்கருக்குப் பைத்தியமாயும்" இருக்கிறார் என்று கொரிந்து சபைக்கு எழுதினார். ரோமில் பழைய சுவர்க் கிறுக்கல் ஒன்று அகப்பட்டிருக்கிறது. கழுதைத் தலையுள்ள ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒருவன் கும்பிடுகிறான். 'அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்' என்று எழுதியிருக்கிறது. யாரோ ஒரு கிறிஸ்தவப் பையனைக் கேலிசெய்திருக்கிறார்கள். சிலுவைக்குப் பூ வைக்கும் நம்மைவிட, கேலிசெய்த அந்தப் பயலுக்குத்தான் சிலுவை என்றால் என்னவென்று சரியாகத் தெரிந்திருந்தது.

யார் கொன்றார்கள், ஏன்?

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே முடிக்கிறேன். கலிலேயாவைச் சேர்ந்த இயேசு யூதரின் பஸ்கா பண்டிகைக்கு எருசலேமுக்கு வருகிறார். கோவிலில் நாணயம் மாற்றும் காசுக்காரர்களின் பலகைகளைக் கவிழ்க்கிறார். கோவில் தலைமைக்கு எரிச்சல். பண்டிகைக் கூட்டத்தில் 'ராஜா' என்ற பேச்சு அடிபட்டதும் ரோம ஆளுநருக்குச் சந்தேகம். கிபி 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்து தீர்ப்புச் சொல்கிறார். கிபி 30 அல்லது 33 என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். தலைக்கு மேல் எபிரெயு, லத்தீன், கிரேக்கு என்று மூன்று மொழியில் குற்றப்பலகை: யூதருடைய ராஜா.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். 'யூதர்கள் கிறிஸ்துவைக் கொன்றார்கள்' என்ற பேச்சால் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் இரத்தம் ஓடியது. சிலுவை ரோமத் தண்டனை. சபை வாரந்தோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் 'பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு' என்று ஒரு ரோம அதிகாரியின் பெயர்தான் நிற்கிறது.

இதெல்லாம் வரலாறு. இவ்வளவோடு நின்றால், அநியாயமாகக் கொல்லப்பட்ட நல்லவர்களின் நீளமான பட்டியலில் இன்னொரு பெயர், அவ்வளவுதான். கிறிஸ்தவ நம்பிக்கை இதற்கு மேல் ஒன்று சொல்கிறது: அந்தச் சாவு 'நமக்காக'. புதியவர்கள் இடறுவது அந்தச் சொல்லில்தான்.

கையெழுத்து

அந்த 'நமக்காக' என்பதற்குப் புதிய ஏற்பாடு ஒரே விளக்கம் தருவதில்லை. நீதிமன்றத்திலிருந்து ஒரு படம், பலிபீடத்திலிருந்து ஒன்று, அடிமைச் சந்தையிலிருந்து ஒன்று, போர்க்களத்திலிருந்து ஒன்று, பேச்சுவார்த்தை அறுந்த குடும்பத்திலிருந்து ஒன்று என்று எடுத்துக் காட்டிக்கொண்டே போகிறது. இதில் ஒரு படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு 'இதுதான் சிலுவை' என்று முடித்துவிடுவதுதான் பிரசங்க மேடைகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை. டர்பன் தமிழனுக்கு வேறு எதையும்விடச் சட்டென்று புரியவேண்டிய ஒரு படம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை.

பவுலின் பெயரில் உள்ள கடிதங்களில் ஒன்றான கொலோசெயர் நிருபம், இரண்டாம் அதிகாரம், 14-ஆம் வசனம். நமக்கு விரோதமாக இருந்த 'கையெழுத்தைக் குலைத்து', அதை 'சிலுவையின்மேல் ஆணியடித்து' என்று வரும். சிறுவயதில் இதை வாசித்தபோது ஆட்டோகிராஃப் மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் கெய்ரோகிராஃபோன். கடன் வாங்கியவன் 'இவ்வளவு தரவேண்டியது, இன்ன தேதிக்குள் தருவேன்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கும் சீட்டு. நம் பேச்சில் புரோநோட்டு. அந்தச் சீட்டு கடன் கொடுத்தவன் கையில் இருக்கும்வரை வாங்கியவன் தூங்கமுடியாது.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தாவுடையது. டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் வந்து நின்றது. 1911-இல் வரத்து நிற்கும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். பெரும்பகுதி மதராஸ் துறைமுகம் வழியாக. ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண்.

1895-இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. அதற்குப் பிறகு வந்து ஒப்பந்தம் முடித்தவன் ஊருக்குத் திரும்பவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஒப்பந்தம் எழுதவேண்டும், இரண்டும் மாட்டேன் என்றால் வருடத்துக்கு மூன்று பவுன் வரி கட்டவேண்டும். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங், அதாவது முதல் வருடக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம். 1903-இல் பதினாறு வயது தாண்டிய பையனுக்கும், பதின்மூன்று தாண்டிய பெண்ணுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பன்னிரண்டு பவுன். கட்டமுடியாதவன் என்ன செய்வான்? போய் மறுபடியும் கைநாட்டு வைப்பான். என் கொள்ளுத்தாத்தா இரண்டு தடவை வைத்தார். கடனிலிருந்து தப்ப அடிமைத்தனம், அடிமைத்தனம் முடிந்தால் மறுபடி கடன்.

பவுல் 'பாவம்' என்று சொல்வதை இந்தச் சுழலோடு ஒப்பிட்டால் பாதி விளங்கிவிடும். அவருடைய நிருபங்களில் பாவம் என்பது வெறுமே கெட்ட காரியங்களின் பட்டியல் அல்ல. அது ஓர் எசமான். நாமே கையெழுத்துப் போட்டுத்தான் அதனிடம் போனோம். போனபிறகு வெளியே வர நம் கையில் வழியில்லை. "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று ரோமர் நிருபத்தில் வருகிறதே, அந்தச் 'சம்பளம்' தற்செயலாக விழுந்த சொல் அல்ல. அப்படிப்பட்ட சீட்டை ஒருவர் வாங்கி, அதைத் தன் உடம்போடு சேர்த்து ஆணியடித்துவிட்டார், இனி அதை நீட்டி உன்னை யாரும் கூப்பிடமுடியாது என்பதுதான் அந்த வசனம். 'மீட்பு' என்ற சொல்லும் இதே சந்தையிலிருந்து வந்தது. அடகு வைத்த நகையை மீட்கிறோம் அல்லவா, அதே மீட்பு.

ஆனால் உவமையை எங்கே நிறுத்தவேண்டும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். மூன்று பவுன் வரி அநியாயம். 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கிக் கரும்புத் தோட்டம் வரை பரவிய வேலைநிறுத்தம் அதை உலுக்கியது. சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் நோயோடு செத்தார். அந்த வருடமே வரி ஒழிந்தது. அங்கே கூலி குற்றவாளி அல்ல. சிலுவையைப் பற்றிப் பேசும்போதோ கடன் பொய்க்கடன் அல்ல, உண்மையாகவே நம்முடையது என்று கிறிஸ்தவம் சொல்கிறது. அது கசக்கிறது. கசக்கத்தான் வேண்டும்.

சரி, யாருக்குக் கொடுத்தார்?

வேலியோரம் அக்கா இதையே கேட்டார். "சீட்டை வாங்கினாருன்னு சொல்றியே தம்பி, யாருகிட்ட இருந்து வாங்கினாரு? பணம் யாருக்குப் போச்சு?" படிக்காதவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அந்த அக்காவுக்கு நான்காம் நூற்றாண்டில் ஒரு கூட்டாளி இருந்தார் என்பது அவருக்குத் தெரியாது. நசியான்சஸ் ஊர் கிரகோரி என்ற ஆயர் அச்சு அசல் இதே கேள்வியைக் கேட்டார். சாத்தானுக்குக் கொடுத்தாரா? கொள்ளைக்காரனுக்கா கூலி? பிதாவுக்குக் கொடுத்தாரா? நம்மை அடைத்துவைத்தது பிதா இல்லையே!

அதே காலத்தில் நிசா ஊர் கிரகோரி வேறு கதை சொன்னார். தூண்டிலில் இரை மாட்டுவதுபோல, மனித உடலுக்குள் தெய்வத்தன்மை மறைந்திருந்தது. சாவு என்ற மீன் இரையை விழுங்கி முள்ளில் மாட்டியது. டர்பன் கடற்கரையில் தூண்டில் போட்டவனுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், ஆனால் கடவுள் ஏமாற்று வேலை செய்வாரா என்ற உறுத்தல் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் முடிவில் கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம் சாத்தானைக் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டார். மனிதன் கெடுத்தது கடவுளின் மரியாதையை. அதை மனிதன்தான் ஈடுசெய்ய வேண்டும், ஆனால் கடவுளால்தான் ஈடுசெய்ய முடியும். ஆகவே கடவுள்-மனிதர் தேவை என்றார். அவருக்கு அடுத்த தலைமுறை அபெலார்ட், சிலுவையில் தெரியும் அன்பு நம் கல்மனதை உருக்குகிறதே, அதுவே பெரிது என்றார். பதினாறாம் நூற்றாண்டில் புரோட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்கள் நீதிமன்றப் படத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்: நமக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றார். ஆதி சபையின் பெரிய சங்கங்கள், அதாவது ஆயர்களின் மாநாடுகள், இயேசு யார் என்பதை வரிவரியாக வரையறுத்தன; சிலுவை எப்படி வேலைசெய்கிறது என்பதற்கு அப்படி ஒரே சூத்திரம் எழுதிவைக்கவில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

நீதிமன்றப் படத்தைச் சொல்லும்போதுதான் அதிகம் சறுக்குகிறார்கள். கோபக்காரத் தகப்பன், யாரையாவது அடித்தால்தான் ஆத்திரம் தீரும், நடுவில் போய் விழுந்த நல்ல பிள்ளை என்கிற மாதிரி ஒரு சித்திரத்தைக் குழந்தைகள் மனதில் ஏற்றிவிடுகிறார்கள். அது கிறிஸ்தவமே அல்ல. "தேவன் ... கிறிஸ்துவுக்குள் அவர்களைத் தமக்கு ஒப்புரவாக்கி" என்று பவுல் எழுதிய வாக்கியத்தில் செய்கிறவர் யார் என்று பாருங்கள். தேவனேதான். சிலுவையில் தொங்குவது மூன்றாம் மனிதர் அல்ல. கடன் கொடுத்தவரே எழுந்து வந்து கடனாளியின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். இயேசு கடவுள் என்பதை எடுத்துவிட்டால் சிலுவைக் கதை கொடூரமாகிவிடும். அதனால்தான் 'அவர் யார்' என்ற கேள்வியை முதலில் தீர்க்காமல் 'அவர் ஏன் செத்தார்' என்பதற்குள் போகமுடியாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. சிலுவையில் இயேசு சொன்ன "முடிந்தது" என்ற சொல் அந்தக் காலத்து ரசீதுகளில் 'முழுதும் செலுத்தப்பட்டது' என்று எழுதும் சொல் என மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். கடன்சீட்டுப் படத்துக்கு அழகாகப் பொருந்தும்தான். ஆனால் அதற்கு ஆதாரம் வலுவானதல்ல. நிறைவேறியது என்பதே அதன் பொருள். அதுவே போதும்.

வினையும் நேர்த்திக்கடனும்

அக்காவின் உண்மையான தடை இது: "அவங்கவங்க செஞ்ச வினைய அவங்கவங்கதான் அனுபவிக்கணும். ஒருத்தர் வினைய இன்னொருத்தர் எப்படித் தூக்குவாங்க?"

இதை அலட்சியமாகத் தாண்டக்கூடாது. வினைக்கு விளைவு உண்டு என்பதில் இருக்கும் நியாய உணர்வு பெரியது. சிலுவை அந்த நியாயத்தை ரத்துசெய்கிறது என்று எந்தக் கிறிஸ்தவனாவது சொன்னால் அவன் பைபிளைச் சரியாக வாசிக்கவில்லை; "மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்பதும் பவுல் எழுதியதுதான். பாவத்துக்கு விலை இல்லை என்று சிலுவை சொல்லவில்லை. விலை இவ்வளவா என்று திகைக்கவைக்கிறது.

நான் அக்காவிடம் திருப்பிக் கேட்டேன்: "நீங்க முதல்ல தீ மிதிச்சது எதுக்குக்கா?" எனக்குத் தெரிந்த கதைதான். அவருடைய மகனுக்கு நாலு வயதில் காய்ச்சல் கண்டு உயிர் பிழைப்பானா என்று ஆகிவிட்டது. பிள்ளை பிழைத்தால் நெருப்பில் இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டார். காய்ச்சல் பிள்ளைக்கு, நெருப்பில் நடந்தது தாய். ஒருவருக்காக இன்னொருவர் என்பது நம் வீடுகளுக்குப் புதிதே அல்ல. இங்கே காவடி எடுப்பவர்களிடம் கேட்டுப்பாருங்கள், பாதிப்பேர் தங்களுக்காக எடுப்பதில்லை.

ஆனால் வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. நேர்த்திக்கடன் மனிதனிடமிருந்து சாமிக்குப் போவது. சிலுவையில் திசை மாறுகிறது. வேண்டிக்கொண்டவனும் நாமில்லை, செலுத்தினவனும் நாமில்லை. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா சாமியே நமக்காக நேர்த்திக்கடன் வெச்சிக்கிட்டாருங்கிறியா?" என்றார். நான் எத்தனையோ வேதபாடப் புத்தகம் புரட்டியிருக்கிறேன். இவ்வளவு கச்சிதமாக எதிலும் பார்க்கவில்லை. ஒத்துக்கொண்டாரா என்றால் இல்லை. கேள்வியைப் புரிந்துகொண்டார், என்னைவிட நன்றாக.

பலிபீடப் படத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இஸ்ரவேலில் வருடத்துக்கு ஒருமுறை பாவநிவாரண நாளில் இரண்டு வெள்ளாட்டுக் கடா கொண்டுவருவார்கள். ஒன்று பலி. இன்னொன்றின் தலையில் ஆசாரியன் கைவைத்து ஜனங்களின் அக்கிரமத்தைச் சொல்லி, வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவான். அதற்குத் தமிழ் வேதாகமத்தில் அழகான சொல்: போக்காடு. முதல் கிறிஸ்தவர்கள் யூதர்கள். இயேசு செத்தது பஸ்கா சமயம். அவர்களுக்கு இந்த ஆடுகள் நினைவுக்கு வராமல் இருக்குமா? பரபாஸ் கதையும் இதோடு சேரும். கலகத்தில் கொலைசெய்து சிறையில் கிடந்தவன். அவனை விடுவித்து இயேசுவை அறையச் சொன்னார்கள். பரபாஸ் என்றால் அரமேய மொழியில் 'தகப்பனின் மகன்'. 'நமக்காக' என்றால் என்ன என்று சிறுபிள்ளைகள் கேட்டால் நான் எந்தக் கோட்பாட்டையும் எடுப்பதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பரபாஸ் வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்தான், அவனுக்கென்று வைத்திருந்த மரத்தில் வேறொருவர் தொங்கினார் என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவேன்.

ஒப்புரவு

இந்த நாட்டில் வாழ்கிறவனுக்குத் தப்பமுடியாத படம் இது. 'ஒப்புரவு' என்ற சொல்லைத் தமிழ் வேதாகமம் சமாதானமாதல், உறவு சேர்தல் என்ற பொருளில் ஆள்கிறது. குறளில் அதற்கு வேறு பொருள். 'ஒப்புரவறிதல்' அதிகாரம், கைம்மாறு எதிர்பாராமல் உலகத்துக்குச் செய்வதைப் பேசுகிறது: "கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு என்னாற்றும் கொல்லோ உலகு." மழைக்கு உலகம் என்ன திருப்பிக் கொடுக்கும்? மொழிபெயர்த்தவர்கள் குறளை நினைத்தார்களோ இல்லையோ, இரண்டு பொருளும் சிலுவையில் ஒட்டிக்கொள்கின்றன. உறவு அறுந்தது நம் பக்கத்தில், சேர்க்க வந்தது அந்தப் பக்கத்திலிருந்து, கைம்மாறு கேட்காமல்.

நிறவெறி ஆட்சிக்காலத்துக் கொடுமைகளை விசாரிக்க 1996 ஏப்ரலில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் உட்கார்ந்தபோது தலைமையில் ஆங்கிலிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. சிலுவை மார்பில் தொங்க, மேசையில் தலைகவிழ்ந்து அவர் அழுததை உலகமே பார்த்தது. செய்ததை முழுதும் சொன்னால் மன்னிப்பு என்பது ஏற்பாடு. மன்னிப்புக் கேட்ட 7,112 பேரில் 849 பேருக்குத்தான் கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு? 2003-இல் ஒருவருக்கு 30,000 ராண்ட் என்று அறிவித்தார்கள். ஒப்புரவின் செலவைக் கடைசியில் அடிபட்டவனே சுமக்கவேண்டியிருந்தது என்று இன்றைக்கும் பலர் பொருமுகிறார்கள். பொருமல் நியாயமானது.

சிலுவையிலும் செலவை ஏற்பது அடிபட்டவர்தான். அதுதான் அதன் உச்சம், ஆபத்தும் அதுதான். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று ஆணி அடிக்கப்படும்போது சொன்னவர் அதைச் சொல்ல உரிமை உள்ளவர். அவர் வாயிலிருந்து அதைப் பிடுங்கி, புருஷனிடம் அடிவாங்கும் பெண்ணிடம் 'உன் சிலுவையைச் சுமந்துகொண்டு போம்மா' என்று சொல்ல எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை. நான் கேட்டிருக்கிறேன், எங்கள் பேட்டையிலேயே. அடிக்கிறவன் பக்கம் சிலுவையை நட்டுவைக்கும் வேலை அது. நிறவெறி ஆட்சிக்கு வேதவசனம் தேடிக் கொடுத்த சபைகளும் ஞாயிறுதோறும் சிலுவைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தன. 1985-இல் இந்நாட்டு இறையியலாளர்கள் கையெழுத்திட்ட கெய்ரோஸ் ஆவணம், நீதி இல்லாமல் ஒப்புரவு பேசுவது கிறிஸ்தவ ஒப்புரவே அல்ல என்று சபைகளைப் பார்த்தே சொன்னது. அடிமையின் சாவைச் செத்தவரை எசமானின் பக்கம் நிறுத்துவதற்கு நிறைய மறதி வேண்டும்.

இன்னும் ஒன்று விட்டுப்போகிறது. கத்தோலிக்கர் வீட்டுச் சிலுவையில் உடல் இருக்கும். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் வெறும் மரம். இரண்டுக்கும் சண்டை இல்லை. ஒன்று வெள்ளிக்கிழமையை நினைவூட்டுகிறது, மற்றது அவர் இப்போது அங்கே இல்லை என்கிறது. ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்காவிட்டால் வெள்ளிக்கிழமைக்குப் பொருளே இல்லை என்பதைப் பவுலே ஒத்துக்கொள்கிறார்: கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண். கடன் தீர்ந்ததா என்று கேட்டால் கிறிஸ்தவன் காட்டுவது காலியான அந்தக் கல்லறையைத்தான்.

எங்கள் சபையில் பெரிய வெள்ளி ஆராதனை பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேசுவார்கள். ஆறுக்கும் விளக்கம் தாராளமாக வரும். நான்காவது வார்த்தை மட்டும், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்", எங்கள் வழக்கப்படி வாசிக்க மட்டும் செய்வோம், பேசமாட்டோம். பைபிளின் பழைய பக்திப் பாடல்களில் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரி அது. அந்தச் சங்கீதம் நம்பிக்கையில் முடிகிறது என்று சொல்லலாம். மகனுக்கும் பிதாவுக்கும் நடுவில் அந்த நேரம் என்ன நடந்தது என்று கோட்பாடு பேசலாம். நான் அக்காவுக்குச் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் வெயிலுக்கு ஜன்னலெல்லாம் திறந்திருக்கும். வாசித்தவர் புத்தகத்தை மூடிவிட்டு உட்காருவார். ஐந்து நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். கீழே கோவில் பக்கமிருந்து மேளம் கேட்கும். பிறகு யாராவது ஒரு பாட்டி இருமுவார், ஐந்தாவது வார்த்தை பேசவேண்டியவர் எழுந்து வருவார்: "தாகமாயிருக்கிறேன்."